தும்மலுக்குப் பயந்து போட்ட மாத்திரை

நீங்க சிரிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். பேய், முனின்னு யாராவது வாயெடுத்தா எங்க லயத்து வீடுகள்ல முதல்ல கேலி பண்றவன் நான்தான். ஆனா தும்மல் சகுனம்னா மட்டும் உள்ளுக்குள்ள ஒரு பயம், அதை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

எழுபதுகள்ல இலங்கையில ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். என் மக செல்விக்கு நமுனுகுலயிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வர்ற அன்னைக்குன்னு பார்த்து எனக்குத் தடிமன், மூக்கொழுகல், ஓயாத தும்மல். தட்டு மாத்துற நேரம் பொண்ணோட அப்பனே தும்மினா அந்தக் கல்யாணம் நடக்குமா, நீங்களே சொல்லுங்க. காலையிலயே பதுளை டவுன் மருந்துக்கடைக்குப் போய் தடிமன் மாத்திரை கேட்டேன். கடைக்காரர், "வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டார், இல்லைன்னுட்டேன். கை நடுக்கத்துக்கு டாக்டர் குடுத்த மாத்திரையை அப்ப ரொம்ப நாளா முழுங்கிட்டிருந்தேன், அந்த வியாதி மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போயிடக் கூடாதுன்னு ஊர் முழுக்க மறைச்சு வச்சிருந்தேன்.

தும்மல் நின்னுச்சு. ஆனா நாக்கு வறண்டு மேல ஒட்டிக்கிச்சு, தலை ஒரு மாதிரி ஆயிடுச்சு. மத்தியானம், நல்ல வெயில், எல்லாரும் பாயில உக்காந்திருக்காங்க, வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்குது. நம்பினா நம்புங்க, இப்ப உங்களைப் பாக்குற மாதிரிதான் பாத்தேன். அவங்ககூட வந்த புள்ளைன்னு நெனச்சு, "சரோசா, ஏம்மா வெளிய நிக்குற, உள்ள வந்து தலையைத் துவட்டு"ன்னு கூப்பிட்டேன்.

மாப்பிள்ளையோட அம்மா தட்டை அப்படியே கீழ வச்சாங்க. "அண்ணே, எங்க புள்ள பேரை உங்களுக்கு யாரு சொன்னது?"ன்னு கேட்டாங்க. ஆத்துல முங்கிச் செத்துப்போன மகளாம், அப்படி ஒரு புள்ள இருந்ததே எங்க யாருக்கும் தெரியாது. அதோட நான் வாயை மூடியிருக்கலாம், "அந்தா நிக்குதே"ன்னு வாசலைக் காட்டிக் காட்டிப் பேசியிருக்கேன். தட்டு மாத்தாமலே எந்திரிச்சுப் போயிட்டாங்க. செல்வி பட்டுச்சேலையோட அடுப்படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா, நெனச்சா இன்னைக்கும் கூசுது.

மறுநாள் டாக்டர் திட்டினார். நடுக்கத்து மாத்திரையோட தடிமன் மாத்திரையும் சேந்தா மூளை குழம்பி இல்லாத ஆளெல்லாம் தெரியும், இனிமே எந்த மருந்து வாங்கினாலும் என்கிட்ட கேட்டுட்டு வாங்குன்னார். தடிமன் மாத்திரையை விட்டதும் அப்படி எதுவும் என் கண்ணுக்குத் தெரியல.

செல்விகிட்டயும் மருந்துதான்னு சொன்னேன். "அந்தப் புள்ள பேரையும் மருந்தே சொல்லிக் குடுக்குமாப்பா?"ன்னு கேட்டா. எப்படியோ விசாரிச்சு வச்சுக்கிட்டு வேணும்னே கல்யாணத்தைக் கலைச்சுட்டேன்னுதான் அவ இன்னைக்கு வரைக்கும் நெனக்கிறா.