ஜன்னல் வீட்டு ரசூல் பீவி

ரசூல் பீவி பிறந்தது 1965, பாளையம்பட்டியில். 1984இல் பரளச்சி ஜெய்னுலாப்தீனுக்கு மணமுடிக்கப்பட்டார். 1986இல் கணவர் பினாங்கில் ஒரு மளிகை மண்டிக்கு வேலைக்குப் போனார். மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து மூன்று மாதம் தங்கிப் போவார். 2003இல் பாளையம்பட்டியில் வீடு கட்டினார்கள். 2019இல் அந்த மண்டியின் மாடியிலேயே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது, அடக்கமும் பினாங்கிலேயே. மகன் ரியாஸ் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார். பின்வருபவை ரியாஸ் சொல்ல, ரசூல் பீவியிடமும் கேட்டுச் சரிபார்த்தவை.

வீட்டைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கரிசல் புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சிறிதாக வைப்போம். ஜெய்னுலாப்தீனோ ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பெரிய ஜன்னல் வேண்டுமென்று போனிலேயே பிடிவாதம் பிடித்தார். "செவுரு எங்கன வைக்கன்னு அவுகளயே கேட்டுச் சொல்லுங்க," என்று கொத்தனார் நக்கலடித்தார். ஊரில் அது ஜன்னல் வீடாயிற்று.

சென்ற ஆண்டு ரியாஸ் தாயைப் பினாங்குக்கு அழைத்துப் போனார். முதல் நாள் காலை அத்தாவின் கபுருக்குப் போய் ஓதிவிட்டு வந்தார்கள். பிறகு பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டத் தொடங்கினார். நூறாண்டு கடந்த கடைவீடுகள், அவற்றின் முன்னால் கூரையிட்ட நடைபாதை, பூப்போட்ட தரை ஓடுகள். சுவர்ச் சித்திரங்களின் முன் படமெடுக்க வெளிநாட்டார் வரிசையில் நின்றார்கள். மூட்டைகள் ஏறி இறங்கிய கடைகளில் இப்போது காபியும் ஐஸ்கிரீமும் விற்றார்கள்.

"சாயந்தரம் கடக்கரைக்குப் போவம்மா."

"கடலு எங்கயும் போயிராது. அவுக இருந்த ரூமப் பாக்கணும். அங்கன உக்காந்து ஒரு யாசீன் ஓதணும். நான் அதுக்குத்தான் வந்தேன்."

அந்த அறையைக் கணவர் போனில் பலமுறை விவரித்திருந்தார்: தெருவைப் பார்த்த ஜன்னல், திறந்தால் பள்ளிவாசல் மினாரா தெரியும், காற்று அள்ளும்.

மண்டி இப்போது தங்கும் விடுதி. ஜெய்னுலாப்தீனுடன் வேலை பார்த்த பாலவனத்தத்துக்காரர் சிக்கந்தரை ரியாஸ் வரச் சொல்லியிருந்தார். வாசலில் நின்று ரசூல் பீவி மாடியை அண்ணாந்து பார்த்தார். பச்சை வர்ணமடித்த மரக்கதவுகளோடு வரிசையாக ஜன்னல்கள்.

"இதுல எது அவுகளுது?"

சிக்கந்தர் குனிந்து செருப்பைக் கழற்றினார். விடுதிப் பெண்ணிடம் ரியாஸ் மலாயில் விவரம் சொல்ல, அவள் மாடி முன்னறையைத் திறந்துவிட்டாள். வெள்ளை மெத்தை, ஜன்னலில் மினாரா. சொன்னபடியே இருந்தது. ரசூல் பீவி ஜன்னலோரம் துப்பட்டியை விரித்தார்.

"அக்கா, இங்கன இல்ல," என்றார் சிக்கந்தர்.

"மினாரா தெரியுதே?"

"இது சரக்கு ரூமுக்கா. ஏலக்கா, கிராம்பு எல்லாம் இங்கதான் கெடக்கும். சரக்குக்குக் காத்து வேணும்ல. நாங்க பின்னால."

பின்கட்டில் ஒரு குறுகலான இடைவழியைக் காட்டினார். இரு பக்கமும் சலவைத் துணி அடுக்கிய அலமாரிகள். ஜன்னல் இல்லை.

"எம்புட்டுப் பேரு?"

"எட்டுப் பேரு. ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா ஏழு பேரத் தாண்டணும். அண்ணனத் தாண்டுனா மட்டும் திட்டமாட்டாக."

"தல எந்தப் பக்கம் வச்சுப் படுப்பாக?"

சிக்கந்தர் சுவரோரத்தைக் கைகாட்டினார். விடுதிப் பெண் ஒன்றும் கேளாமல் அழுக்குத்துணி மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள். அங்கே அமர்ந்து ரசூல் பீவி குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை முழுதாக ஓதினார்.

இறங்கும்போது மகனுக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டு வருசமா அத்தா ஏம்மா பொய் சொன்னாக?"

"நான் மட்டும் சொல்லலயாக்கும்? ஒவ்வொரு போன்லயும் கேப்பாக, ஜன்னலத் தெறந்து வச்சிருக்கியா, காத்து வருதான்னு. தெறந்துதான் இருக்கு, நல்லா வருதும்பேன். அவுக வந்துருக்கும்போது தவிர, புழுதிக்குப் பயந்து ஒருநாளும் தெறந்ததில்ல."

ஒரு படியில் நின்று, "தெறந்திருக்கலாம்," என்றார்.

இந்த ஆடிக்காற்றில் வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்தே இருந்தன. தரையெல்லாம் மண். "மாமி, ஒரு குறுக்கம் நெலத்துக் கரிசல உள்ள விட்டுட்டீக. வெதச்சுருவமா?" என்று மருமகள் அஸ்மா துடைப்பத்தோடு நின்றாள்.

"கூட்டிக்கிரலாம்," என்றாரே தவிர, ரசூல் பீவி சாத்த எழவில்லை.

மணவாழ்வு முப்பத்தைந்து ஆண்டுகள். சேர்ந்து இருந்தது நாலே முக்கால்.