பூரிப்பு என்று பேர் வைத்த வீக்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், எனக்கு முதல் பிள்ளை உண்டானபோது உம்மா என்னைக் கட்டிலில் போட்டார். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எப்போது வந்து பார்த்தாலும் நான் படுத்துக்கிடக்க வேண்டும், அவ்வளவுதான். வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண் துரும்பையும் தூக்கமாட்டாள் என்று ஊர் கதைக்க வேண்டுமாம். தூ, என்ன கௌரவமோ!

கிணற்றடிக்குப் போனால் ஏச்சு. வாசலில் நின்றால் ஊர்க்கண் பட்டுக் கண்ணூறாம். கிளினிக் என்னவோ சந்தியில்தான், நடந்துபோகும் தூரம். வீடுவீடாக வரும் மருத்துவிச்சியை நாங்கள் மிஸ்ஸி என்போம். "சும்மா படுத்துக் கெடக்காம கொஞ்சம் நடங்க. மாசம் ஒருக்கா வந்து பிரஷர் பாருங்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். வாசல் படலையைத் தாண்டியிருக்கமாட்டார், உம்மா தொடங்கிவிட்டார்.

"வயித்தத் தள்ளிக்கிட்டு றோட்டால போக நாம என்ன கூலிக்காரரா?"

ஏழாம் மாதம் மாமி, என் புருஷனின் தாய், வட்டிலப்பமும் பலகாரமும் கொண்டுவந்தார். அதற்குள் என் கால்கள் வீங்கி, முகமும் ஊதியிருந்தது. மாமி என் கையைப் பிடித்துக் காப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், என்ன பூரிப்பு! காப்பும் அசையுதில்ல."

"ஓம் மச்சி, ஒரு வேலையும் செய்ய விடல்ல நான்" என்றார் உம்மா. நெல்லுக்கு விலை ஏறியதுபோல அப்படியொரு சந்தோஷம்.

"தல இடிக்குது உம்மா. கண்ணும் மங்குது."

"கண்ணூறுதான் மகள். ஓதின தண்ணியக் குடிச்சிட்டுப் படு."

இரண்டு பேருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. கண்ட வீக்கத்துக்குப் பூரிப்பு என்று பேர் வைத்துப் பலகாரம் தின்றார்கள், மடைச்சிகள்! பெற்றவள் என்றாலும் அப்படித்தான் சொல்வேன்.

மறுநாள் காலை கண் சுத்தமாகத் தெரியவில்லை. புருஷன் வாடகைக் கார் பிடித்துவந்தார். எங்கள் குறுகிய மணல் ஒழுங்கைக்குள் கார் வராது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனைவரை நடந்தேன். காருக்குள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் காப்பை வெட்டித்தான் எடுத்தார்களாம். பிள்ளை உயிரில்லாமல், மௌத்தாகத்தான் பிறந்தது. பெண்பிள்ளை.

"இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரல்ல?" என்று டாக்டர் உம்மாவைக் கேட்டார்.

நடந்திருந்தால் அந்த நோய் வந்தே இராது என்று நான் சாதிக்கவில்லை. சந்திவரை நடந்திருந்தால் யாராவது என் பிரஷர் ஏறியதைக் கண்டிருப்பார்கள். அதற்கும் விடவில்லையே!

வீட்டுக்கு வந்தபின் துக்கம் விசாரிக்கப் பெண்கள் வந்தார்கள். உம்மா அழுதழுது அவர்களிடம் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி. அண்டைக்கு ஒழுங்க முனைவரைக்கும் நடந்தாளே, அதாலதான் புள்ள போயிட்டு."

"ஓம் மச்சி, நடக்க விட்டிருக்கப்படாது" என்றார் மாமி.