பக்கத்து இருக்கையின் எலுமிச்சம்பழம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்து இருக்கையில் இருந்தார். காதை மூடிய மஃப்ளர், மடியில் டிராகன் படம் போட்ட தடித்த நாவல், இடது கையில் ஓர் எலுமிச்சம்பழம். வளைவுகளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, அவர் நிதானமாகப் பக்கம் புரட்டினார்.

“படிச்சா தலை சுத்தலைங்களா அம்மா?” என்றேன்.

“நல்ல கதையா இருந்தா சுத்தாதுங்க. சுத்துனா பழத்தை மோந்துக்குவேன். இந்த டிராகன் புக்குக்கு இன்னும் மோக்கவே இல்லை, நீங்களும் படிங்க. நீங்க என்ன வெச்சிருக்கீங்க?”

நிலவில் நடக்கும் ஒரு விஞ்ஞான நாவலை நீட்டினேன். நான் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் கண் அந்தப் பழத்தின் மேலேயே இருந்தது. குஞ்சப்பனை தாண்டியதும் அது மெல்ல மூக்கருகே போயிற்று.

“ராக்கெட் எறங்கற வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் பேசிட்டே இருக்கறாங்க.”

புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பின்னட்டையைப் பார்த்தார். அங்கே என் புகைப்படம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பழத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு டிராகனிடம் திரும்பிப் போனார்.