மோவாய்க்குக் கீழே ஓர் ஆண்டு

முதல் பொதுத்தேர்தலுக்காக மைசூர்ச் சுவர்களில் சின்னங்கள் வரைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஆகவே எனக்கு ஒன்பது வயது என்று உறுதியாகச் சொல்ல முடியும். கப்பலில் சமையல்காரராக இருந்த சித்தப்பா விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய பெட்டியைத் திறக்கும் உரிமை எப்போதும் என்னுடையது.

அந்த முறை அதில் ஒரு தேங்காய்க் குடுவை இருந்தது. ஓடு முழுவதும் பாய்மரங்களும் கொடிகளும் செதுக்கப்பட்டிருந்தன. ஒரு முனையில் முகம். தேங்காயின் கண்களில் இரண்டு அதற்கும் கண்கள். துளையிட்ட மூன்றாவது, குடிப்பதற்கான வாய். மோவாய்க்குக் கீழே, கடுகளவு எழுத்தில், பதினெட்டில் தொடங்கும் ஓர் ஆண்டு. எனக்குத்தான் என்று நினைத்து இரண்டு நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். மூன்றாம் நாள் அது நர்ஸ் ஒருத்தியின் வீட்டுக்குப் போயிற்று. எனக்கு ரிப்பன் கிடைத்தது.

சித்தப்பா அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அவளுடைய அப்பாவோ கப்பல்காரர்களின் பேச்சை நம்பாதவர். ஒரு பொய் அகப்பட்டாலும் பெண் கிடையாது என்று சொல்லியனுப்பியிருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் பெண் கேட்கப் போனோம். குடுவை அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

"இது யார் வேலைப்பாடு, தம்பி?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

"நான்தாங்க. ஆறு மாசம் டெக்குல உக்காந்து பேனாக்கத்தியால செதுக்குனேன்," என்றார் சித்தப்பா.

எங்கள் வேதாகமத்தின் முதல் தாளில் எழுதியிருந்த பிறந்த தேதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சித்தப்பா பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் பிறகு.

"பொய்! சித்தப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே செஞ்சது. அடியில வருஷம் போட்டிருக்கு!" என்று கத்தினேன்.

சித்தப்பாவின் முகம் வெளிறியது. பெரியவர் குடுவையை எடுத்துக் கவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கேம்மா? ஒண்ணும் இல்லையே. சும்னே சொன்னியா, சும்மா வெளையாட்டுக்கு?"

பிடுங்கிப் பார்த்தேன். மோவாய் வழவழவென்று இருந்தது. சுரண்டினேன், நகத்துக்குள் கறுப்பு மெழுகு ஏறியது. அதற்குள் நர்ஸ் குடுவையை வாங்கிக்கொண்டாள்.

"போதும் கண்ணு, கீறல் விழும்," என்றபடி என் விரலை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"பொறாமைய பாரு இவளுக்கு!" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றே கல்யாணம் பேசி முடித்தார்கள். கள்ளி, கள்ளி என்று அவளைப் பல மாதங்கள் மனதுக்குள் திட்டினேன். அவளிடமும் சித்தப்பா அதே கதையைத்தான் அளந்திருப்பார். அவளும் அந்த ஆண்டைப் படித்திருக்கிறாள். படித்த பிறகுதான் மெழுகைத் தேடியிருக்கிறாள். ஒருவரின் பொய் தெரிந்துவிட்டால் அவரை விட்டுவிடுவார்கள் என்றுதான் ஒன்பது வயதில் நான் எண்ணியிருந்தேன்.