மூன்று முறை மினுங்கும் விளக்கு

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் உடையலங்காரப் பிரிவில் வேலை பார்த்த ஒருத்திக்கு அவள் மச்சான் சொன்னானாம், அவனுக்கு அலுவலக வண்டி ஓட்டுகிற யாரோ சொன்னார்களாம். ஒரு தடவை அறிவிப்பாளர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஆளே இல்லாத அறிவிப்புக் கூண்டிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்கான அறிவிப்பு போய்விட்டதாம். நாடு முழுக்க வீடுகளில் கேட்டதாம். குரலில் ஒரு குறையும் இல்லையாம்.

"அப்படி ஒரு ஆள் இருந்தா சனிக்கிழமை முறைய அவருக்கே குடுத்துடுங்க. நான் வீட்ல காலை நீட்டிப் படுத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தவள் தெல்மா ஹார்காசில்.

அவள் அந்த அரசு அலைவரிசையின் அறிவிப்பாளர்களில் ஒருத்தி. ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்று தொடங்குமுன், திரையில் ஒரு படம் நிற்கும்போது, "அடுத்து வருவது" என்று சொல்கிற குரல். முகம் யாருக்கும் தெரியாது. கசாப்புக் கடையில் அரை பவுண்டு ஈரல் கேட்டால், பின்னால் நிற்கிற யாராவது, இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவள் ஈரலை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். அந்தக் குரலும் முழுக்க அவளுடையது இல்லை. சொந்த ஊரான பிரிட்லிங்டனின் கடற்கரைப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுக்க லண்டனில் அவளுக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. "டிவியில பேசறது நீயில்ல, எவளோ ஒரு சீமாட்டி" என்பார் அப்பா சிரில். ஆனாலும் அவள் முறை இருக்கிற நாளில் பெட்டியை அணைக்கவே மாட்டார்.

ரயில்வேயில் கைகாட்டிக் கூண்டில் ஆயுசைக் கழித்தவர். அடுத்த கூண்டுக்காரனோடு மணி தட்டியே காலம் போனது. ஆளை நேரில் பார்த்ததே இல்லை. மனைவி போன பிறகும், இதயம் இரண்டு தடவை மக்கர் செய்த பிறகும், லண்டனுக்கு வர மறுத்துவிட்டார். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அந்த ஊரில் பஸ் ஏறிப் போகிறவர்கள் வீடு சேர்ந்ததும், மூன்று தடவை மணி அடிக்கவிட்டு போனை வைத்துவிடுவது வழக்கம். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. பத்திரமாக இருக்கிறேன் என்பது மட்டும் போய்ச் சேரும். அதுபோல, மகளின் குரல் கேட்டதும் சிரில் கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்து, குளிரடிக்கும் நடையில் இருக்கிற போனுக்குப் போய் அவள் கூண்டுப் போனின் எண்ணைச் சுழற்றுவார். கூண்டுக்குள் ஒலிவாங்கி இருப்பதால் அங்கே போனுக்கு மணி கிடையாது, ஒரு மஞ்சள் விளக்குதான். அது மூன்று முறை மினுங்கி அணையும். இத்தனை வருஷத்தில் தெல்மா ஒருமுறைகூட அதை எடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நவம்பர் மழையோடு விடிந்தது. குழந்தைகளுக்கான பொம்மைக் கதையை அறிவித்தாள். விளக்கு மூன்று முறை மினுங்கியது. மீன் பணியாரம் சுடுகிற அம்மாளின் சமையல், அப்புறம் ஆட்டுமந்தையை நாய்கள் மடக்கும் போட்டி. ஒவ்வொன்றுக்கும் மூன்று. மனசு லேசானது.

குதிரைப் பந்தயத்துக்கு முன்னால்தான் முதல் நெருடல். அவள் வாயைத் திறக்கவே இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். விளக்கு மினுங்கிவிட்டது. மூன்று. பிறகுதான் பேசச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகுதான் அவள் பேசினாள்.

"அவசரம் பாரு கிழவருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பந்தயம் ஓடிக்கொண்டிருக்கையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த லயனல் கையாட்டிக் கூப்பிட்டான். நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றி அனுப்புகிற பொறியாளன். அவன் மேசை போனில் அப்பாவின் பக்கத்து வீட்டு ஐவி.

"தெல்மா கண்ணு, உங்கப்பா வீட்ல இன்னும் திரைச்சீலைய விலக்கல. பால் பாட்டில் வாசப்படியிலயே நிக்குது. டிவி மட்டும் கத்திக்கிட்டிருக்கு. எம் பையன் டிரெவர விட்டு கதவை உடைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் ஐவி ஆன்ட்டி! அப்பா நல்லாத்தான் இருக்காரு. இப்பதான் மூணு அடிச்சாரு."

"நெசமாவா?"

"காலையிலருந்தே அடிக்கறாரு. போன தடவ நீங்க உள்ள போயி, தூங்கிட்டிருந்தவர உலுக்குனீங்களே, ஞாபகம் இருக்கா? நான் செத்தனான்னு பாக்க ஆளனுப்புறியான்னு ஈஸ்டர் வரைக்கும் என்கிட்ட பேசல."

"என்கிட்ட சாவியையே பிடுங்கிட்டாருல்ல. பெரிய ராஜாவூட்டு அரண்மனை! சரி, நீ சொன்னா சரி. ஆனா எனக்கென்னமோ..."

"விடுங்க ஆன்ட்டி."

ஐவி விட்டுவிட்டாள்.

மாலை கவிந்ததும் கால்பந்து முடிவுகள் தொடங்கின. அந்த நேரத்தில் தேசமே பந்தயச் சீட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும். வாசிப்பவர் குரலை ஏற்றினால் ஒரு அணிக்கு வெற்றி, இறக்கினால் இன்னொன்றுக்குத் தோல்வி. வீட்டில் எவரும் மூச்சுவிடக் கூடாது. தெல்மாவின் அம்மா ஒருமுறை அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டு அலறியபோதுகூட, "ஸ்காட்லாந்து ரெண்டாம் பிரிவு முடியட்டும்" என்றவர் சிரில்.

முடிவுகள் பாதியில் இருந்தபோது மஞ்சள் விளக்கு மினுங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

தெல்மாவுக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, நடைக்கு வந்து, எண்ணைச் சுழற்றுகிற நேரமா இது? வீடே பற்றி எரிந்தாலும் எழ மாட்டாரே.

அடுத்த நிகழ்ச்சியை எப்படியோ அறிவித்துவிட்டு வெளியே ஓடிவந்து, லயனலின் போனில் பிரிட்லிங்டனைப் பிடித்தாள். லைன் கிடைக்கவில்லை. யாரோ பேசிக்கொண்டிருக்கிற தொனி. மறுபடி அடித்தாள். அதே தொனி.

"யாரோடயோ அரட்டையில இருக்காருப்பா. உங்கப்பாவுக்கு ஒரு காதலி இருக்கக் கூடாதா?" என்றான் லயனல்.

"என் அப்பா போன்ல பேச மாட்டாரு, லயனல். மணி மட்டும்தான் அடிப்பாரு."

அவள் முகத்தைப் பார்த்த லயனல் இளிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் போனை வைத்த கையோடு அது அலறியது. ஐவிதான். மூச்சு வாங்கியது.

"கண்ணு, திட்டாத. மனசு கேக்கல. கடுதாசி போடற துவாரத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அவரு கண்ணுல படல. கூடத்துக் கதவு சாத்தியிருக்கு, இடுக்குல டிவி வெளிச்சம் ஆடுது. ஆனா போனு..."

"போனுக்கு என்ன?"

"ரிசீவர் கீழ தொங்குது. வயரோட. தரையத் தொட்டும் தொடாமலும் கிடக்கு."

"இப்பதான் விழுந்திருக்கும்."

"இல்லம்மா. காலையில அவரு டீக்கு வரலயேன்னு ஒன்பது மணிக்கே அடிச்சேன். அப்பவே லைன் கிடைக்கல. அப்பறமும் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், அதே கூவல்தான். அதனாலதான உனக்கே போன் பண்ணினேன்."

ரிசீவர் தொங்குகிற போனிலிருந்து யாரும் யாருக்கும் மணி அடிக்க முடியாது. காலையிலிருந்து வந்த ஒவ்வொரு மூன்றும் கண்ணெதிரே மினுங்கிப் போனது. பொம்மைக் கதைக்கு மூன்று. நாய்களுக்கு மூன்று. அந்த மூன்றுகளை நம்பித்தான் ஐவியை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"உடைங்க, ஆன்ட்டி" என்றாள். "டிரெவர உடைக்கச் சொல்லுங்க."

"சுத்தியலோட வாசல்லதான் நிக்கறான். எங்க வீட்டு போன வயரோட ஜன்னல்வரைக்கும் இழுத்து வெச்சிருக்கேன், இங்கருந்து உங்கப்பா வாசல் தெரியுது. நீ லைன்லயே இரு."

"தெல்மா" என்று லயனல் தோளைத் தொட்டான். "நேரம் ஆச்சு. உள்ள போ. இத நான் பிடிச்சுக்கறேன். சொல்றேன் உனக்கு."

வேறு யாராவது இருந்தால் போகாமல் இருந்திருப்பார்கள். தெல்மா போனாள். வெற்றுத் திரை ஓடினால் அது அவமானம் என்று பழகிய உடம்பு. கூண்டின் கனத்த கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சத்தம் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இனி உங்கள் சனிக்கிழமை மாலையைக் கலகலப்பாக்க ஆடலும் பாடலும்" என்றது அந்தச் சீமாட்டிக் குரல், ஒரு பிசிறும் இல்லாமல். சிவப்பு அணைந்தது. சுவர்த் திரையில் இறகுத் தொப்பி வைத்த பெண்கள் சத்தமில்லாமல் காலைத் தூக்கி ஆட ஆரம்பித்தார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் லயனல் ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி நின்றான். அவன் உதடு, "உடைச்சுட்டான்" என்றது. பிறகு ஐவி சொல்வதைக் கேட்டான். நெடுநேரம் கேட்டான். மெதுவாக, இறந்தவருக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றுவதுபோலக் கை தலைக்குப் போனது, தொப்பி அங்கே இல்லை.

அப்போது மஞ்சள் விளக்கு மினுங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று. அவள் அணையக் காத்திருந்தாள்.

நான்கு.

லயனலும் பார்த்துவிட்டான். கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து அதையே விரலால் காட்டினான், எடு என்றா, எடுக்காதே என்றா, தெரியவில்லை. அவன் கையில் இருந்த ரிசீவர் கீழே இறங்கியது. தெல்மாவின் கை ஒலிவாங்கியைத் தாண்டி, மினுங்கும் போன்வரை போய், அதன்மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அடியில் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.