மேலே நின்று பயந்தவர்

கிளமென்ட் மச்சான் இறந்த செய்தி, நான் கரைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் படகுக்கு வரவில்லை. நெஞ்சு கரிக்கிறது, வாய்வாக இருக்கும், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று காலையில் போனில் சொன்னார். நான் சங்கு குளிக்க இறங்கியபோது வேறொருவர் எனக்குக் கயிறு பிடித்தார். மத்தியானம் தெரேஸ்புரம் கரையில் படகு ஒதுங்கியபோது, சங்கு எவ்வளவு என்று கேட்டு எப்போதும் ஓடி வருகிறவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடலுக்குள் பலமுறை பயந்திருக்கிறேன். கரையில் இறங்கப் பயந்தது அன்றுதான். கடைசியில் படகுக்காரர் பக்கத்தில் வந்து, "கிளமென்ட் போயிட்டாம்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு" என்றார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று மச்சானின் மனைவி மேரி அக்கா கேட்டார். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவரை என்னைவிட அதிக நாள் தெரியும். அவர் குரல், அவர் வெற்றிலை, சீட்டு விளையாட்டில் அவர் செய்கிற கள்ளத்தனம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். கிளமென்ட் மச்சான் பிரசவப் பாடம் படித்தவர்.

வெளியூர்க்காரர்கள் கையிலும் இந்த மலர் கிடைக்கலாம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கு குளிக்க இறங்குகிறவனுக்கு அவன் மனைவியின் உடன்பிறந்தவன் படகில் நின்று கயிறு பிடிப்பது, முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் இருக்கும் வழக்கம். காரணம் ரொம்ப எளிது. கீழே போனவன் வராவிட்டால் தாலியைக் கழற்ற வேண்டியவள் இவன் கூடப் பிறந்தவள். வேறு யாரும் அந்தக் கயிற்றை அவ்வளவு கவனமாகப் பிடிக்க மாட்டார்கள். இப்போது கயிற்றோடு காற்று வருகிற டியூப்பும் சேர்ந்துகொண்டது. வேலை அதேதான்.

மச்சான் கயிற்றைக்கூட அதிகம் பார்க்க மாட்டார். தண்ணீரில் வருகிற குமிழியைத்தான் பார்ப்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. குமிழி அவருக்குப் பிடிக்காத மாதிரி வந்தால் போதும், யோசிக்காமல் இழுத்துவிடுவார். நல்ல சங்கு கிடக்கிற இடத்தில் கை வைத்திருப்பேன், இடுப்புக் கயிறு வெட்டி இழுக்கும். மேலே வந்து வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "திட்டுதான்னா மூச்சு இருக்குன்னு அர்த்தம். நல்லாத் திட்டு மாப்ள" என்பார். ஒருநாள் கோபத்தில், இப்படிப் பயந்து சாகிற ஆள் எதற்கு இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "கீழ போறவனுக்குப் பயம் ஆகாது. மேல நிக்கவனுக்குப் பயம் இல்லன்னா ஆகாது. உன் பயத்தையும் சேத்து நான் பட்டுக்கிடுதேன், நீ போ" என்றார். அன்றைக்கு அது எனக்குக் கேலியாகத்தான் பட்டது.

என் மனைவி ஸ்டெல்லா, மச்சானின் ஒரே தங்கை. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏஜென்சியில் பில் போடுகிறாள். அவள் முதல் முறை உண்டானபோது, வீட்டிலிருந்தே படிக்கிற சுகப்பிரசவப் பயிற்சி ஒன்றில் போனில் சேர்ந்தாள். நர்ஸாக இருந்த ஒரு அம்மா நடத்துகிற வகுப்பு அது. வாரம் ஒரு பாடம் வீடியோவாக வரும். மூச்சை எப்படி விடுவது, வலி வரும்போது எப்படி உட்காருவது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். கூட ஒரு துணை இருந்து எல்லாப் பாடத்தையும் படிக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கண்டிப்பு. துணை நான்தான்.

ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் என்ற வார்த்தையே ஆகாது. அவளுக்கு விவரம் தெரியாத வயதில், புன்னைக்காயலில் இருந்தபோது, அவள் அம்மா அடுத்த பிரசவத்தில் இறந்துபோனார். ஆபரேஷன் பண்ணினார்கள், அதில் அம்மா போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். கத்தி படாமல் பிள்ளை பெற்றால் நான் பிழைப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். என்னிடம் ஒருமுறைதான் அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது.

ஆழத்தில் இருட்டுக்குள் கை விட்டுச் சங்கு தேடுகிறவன் நான். ஆனால் போனில் அந்த அம்மா துணிப்பொம்மையை வைத்துக்கொண்டு தலை எப்படித் திரும்பும் என்று காட்டியபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் வாசலில் நின்றேன். எங்களைப் பார்க்க வந்திருந்த மச்சான் அங்கே இருந்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "நீ எப்பவும் கீழ போற ஆளு. மேல நின்னு பழக்கம் இல்ல. அதான்" என்றார்.

அதற்குப் பிறகு பாடம் நடக்கிற நாளில் எல்லாம் அவர் வந்தார். உள்ளே வர மாட்டார். தங்கச்சியின் பிரசவப் பாடத்தில் அண்ணன் உட்காருவதா என்று வெட்கம். சன்னலுக்கு வெளியே, எங்கள் பைக்கின் மேல் உட்கார்ந்துகொள்வார். நர்ஸ் அம்மா சொல்வது எல்லாம் கேட்கும். ஸ்டெல்லா வலி வந்த மாதிரி வைத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பழகுவாள், நான் அவள் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்ப்பேன். வெளியிலிருந்து குரல் வரும். "மூஞ்சியப் பாக்காத மாப்ள. மூஞ்சி பொய் சொல்லும். மூச்சப் பாரு." ஸ்டெல்லா, "ஏண்ணே, நீ பேசாம உள்ள வந்து பெத்துட்டுப் போயேன்" என்பாள். வெளியே செருமல் மட்டும் கேட்கும்.

கடைசியில் ஒரு பாடம் இருந்தது. எந்தெந்த அறிகுறி வந்தால் வீட்டில் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது, எப்போது ஆபரேஷனுக்குத் தலையாட்ட வேண்டும் என்பது அந்தப் பாடம். ஸ்டெல்லா அதை மட்டும் திறக்கவில்லை. அபசகுனம் மாதிரி தள்ளி வைத்துவிட்டாள். மச்சான் என்னிடம், "அத எனக்கு அனுப்பு" என்றார். கண்ணாடி போட மறுக்கிற மனிதர், போனைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பக்கத்தில் யாராவது வந்தால் கிரிக்கெட் என்பார்.

வலி ஒரு காலை நேரத்தில் தொடங்கியது. வலி அடுத்தடுத்து வருகிறவரை வீட்டிலேயே நடமாடலாம் என்று பாடத்தில் சொன்னபடி ஸ்டெல்லா நடந்தாள், கஞ்சி குடித்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். அவ்வளவு அழகாகச் செய்தாள். மச்சான் விடிந்ததிலிருந்தே ஒரு ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் நின்றார். மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. ஸ்டெல்லா துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, "லேசா மஞ்சளாத்தான் இருக்கு, ஒண்ணும் இல்ல" என்றாள். நான் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. சங்கின் மேல் படிகிற பாசியின் நிறம். அது எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். தண்ணீர் பச்சையாக வந்தால் காத்திருக்கக் கூடாது என்று, கடைசிப் பாடத்தைப் பார்த்த மச்சான் என்னிடம் சொல்லியிருந்தார்.

போவோம் என்றேன். அவள் அசையவில்லை. "இப்பப் போனா என்னய அறுத்துருவாங்க. கொஞ்சம் பொறுப்போம். பாடத்த முழுசாப் படிச்சது நானா நீங்களா" என்றாள். அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால்தான் என்ன என்று இன்னொரு நினைப்பு. வாசலுக்கு ஓடினேன். மச்சான் நிறம் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "சந்தேகமா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப இழு மாப்ள. திட்டுறது பொறவு இருக்கு."

அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். நர்சிங் ஹோமில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது, காத்திருக்க முடியாது என்றார். ஸ்டெல்லா என் சட்டையை விடவில்லை. "என்னய அங்கன அனுப்பாதீங்க" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். கதவு மூடியது. நர்ஸ் அவள் போட்டிருந்த துப்பட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் அதை வாங்கி, படகில் கயிற்றைச் சுற்றுகிற மாதிரியே தன் கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். உட்காரச் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார். அவ்வளவு பயந்த ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்கும் சேர்த்து அவர்தான் நின்றார்.

மகள் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் சில நாள் இருந்து, பிறகு நன்றாக அழத் தொடங்கினாள். ஸ்டெல்லாவும் பிழைத்தாள். ஆனால் எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். ஒருநாள் மச்சான் மீன் கொண்டுவந்தபோது வெடித்துவிட்டாள். "அவ்வளவு படிச்சேன். எல்லாம் சரியா வந்துக்கிட்டு இருந்துச்சு. இவரு ஒரு பயந்தாங்கொள்ளி, நீ அதுக்கு மேல. ரெண்டு பேரும் சேந்து என்னய கத்திக்குக் குடுத்துட்டீங்க. அது அம்மாவக் கொன்னது பத்தாதா?"

மச்சான் மீன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "ஏளா, அம்மா ஆபரேஷனால சாவல. காலைலயே தண்ணி ஒரு மாதிரியா வந்துச்சு. நாந்தான் துணிய வெளிய கொண்டு போட்டேன். பச்சையாக் கெடந்துச்சு. அப்பா கொஞ்சம் பொறுப்போம்னு சொன்னாரு. அக்கம்பக்கத்துலயும் அதான் சொன்னாங்க. சாயங்காலம் வேன் புடிச்சி தூத்துக்குடிக்குக் கொண்டு வரும்போது அம்மாவுக்குப் பேச்சே இல்ல. டாக்டருங்க கடைசியில என்னமோ பண்ணிப் பாத்தாங்க. அப்பா மேல உனக்கு வெறுப்பு வந்துரக் கூடாதுன்னு நான் சொல்லாம விட்டுட்டேன். அவரும் தெரியாமத்தான செஞ்சாரு."

ஒரே சாவு. அண்ணன் அதிலிருந்து காத்திருக்கக் கூடாது என்று படித்திருக்கிறார், தங்கை அந்த அறைக்குள் போகக் கூடாது என்று படித்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒருவர் படித்ததை மற்றவரிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லா அழவில்லை. பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அதுவரை அவர் குழந்தையைத் தொடப் பயந்துகொண்டு தள்ளியே நின்றவர். "கழுத்தப் புடிண்ணே" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அவருக்கு நெஞ்சு கரித்த அன்று, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதை நாங்கள் அப்படியே நம்பிவிட்டோம். சந்தேகப்படுகிற ஒரே ஆள் எங்களில் அவர்தான், அவருக்கே வலி வந்தபோது சந்தேகப்பட ஆள் இல்லை. மேரி அக்காவிடம், "ஒண்ணும் இல்ல, நீ வேலையப் பாரு" என்று சொன்னாராம். இதை நினைக்காத நாள் இல்லை.

மேரி அக்கா அவருடைய வாட்சை என்னிடம் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கு உண்மையில் வந்து சேர்ந்தது அவருடைய பயம்தான். ஸ்டெல்லா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். ஏழாவது மாதம். சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்று பார்த்துச் சொல்வதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதே வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறோம். இந்தத் தடவை ஸ்டெல்லா கடைசிப் பாடத்தை முதலில் திறந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சன்னலுக்கு வெளியே பைக் சும்மா நின்றது.

நேற்றுக் காலையில், சாப்பிட்ட பிறகு பிள்ளை அசையவே இல்லையே என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டேன். டாக்டரம்மா கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, தூங்குகிறது என்றார். திரும்பி வருகிற வழி முழுக்க ஸ்டெல்லா என்னைத் திட்டினாள். வேலைக்கு லீவு போட வைத்துவிட்டேனாம், ஊரே சிரிக்குமாம், பைத்தியமாம். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நல்லாத் திட்டினாள், மச்சான்.