அக்காவின் பேரில் திறந்த கம்ப்யூட்டர்

மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். அப்படி இரண்டு பொட்டுகளை வைத்து, கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. செல்லோடேப் தீர்ந்துபோன ஒரு நாளில் எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர் அக்கா தன் கைப்பையில் இருந்த பொட்டு அட்டையிலிருந்து உரித்து ஒட்டியவை. மேல் வரியில் அக்காவின் பெயர், கீழ் வரியில் பாஸ்வேர்டு. பக்கத்திலேயே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதுவும் பூஜைக்கு ஒட்டியது போலத்தான் தெரியும். இன்றைக்கு நினைத்தால்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் பெயரை எழுதி, அதை எல்லோரும் எடுத்துப் புழங்கலாம் என்று சுவரில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது அது. அப்போது எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

பிள்ளைகளே, உங்கள் அப்பா பத்தாவதைத் தாண்டாதவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் நடந்த திருமணத் தகவல் மையத்தில் நான் வேலை பார்த்தேன். விழுப்புரத்தில் நம் வீட்டிலிருந்து மொபெட்டை எடுத்துக்கொண்டு கண்டமங்கலம், வளவனூர், முகையூர் என்று ஊர் ஊராகப் போவேன். பெண் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் ஜாதகம், போட்டோ, விவரம் வாங்கிவந்து கொடுப்பேன். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. வெளியாருக்குக் காட்டாத கட்டம். மல்லாட்டைக் கடலை காயவைத்த களத்தில் நின்றுகொண்டு, கூட நின்ற அண்ணன் தம்பியைக்கூட அப்பால் போகச் சொல்லிவிட்டு, அப்பன்மார்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போகும். நின்றுபோன நிச்சயதார்த்தம், மறைத்து வைத்த வியாதி, வீட்டை விட்டுப் போன மூத்த பெண். சொந்தக்காரனிடம் சொல்லாததை எங்களிடம் சொன்னார்கள். எங்களை நம்பித்தான் சொன்னார்கள். அந்த மையத்தில் இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். நாற்காலியும் மின்விசிறியும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை மூடிவிட்டுத்தான் போவார். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆளுக்கு ஒரு பேரில் திறக்கிற வசதி அதில் இருந்தும் அவர் செய்துகொடுக்கவில்லை. "எம்பேர்ல நான் மட்டும் திறந்தாதான சார் சரியா இருக்கும்?" என்று அக்கா கேட்டதற்கு, "நீ லீவு போட்டா வேலை நிக்கணுமா? நாம என்ன பேங்க்கா நடத்திக்கினு இருக்கோம்? எழுதி ஒட்டும்மா" என்றார். ஒட்டினார். அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் அக்காவின் பேரில்தான் திறந்தோம். அதை ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தோம். "காலையிலேருந்து நான்தாங்கா நீயி. உம்பேர்ல ஆறு மாப்பிள்ளை பாத்துட்டேன்" என்பார் எங்களோடு வேலை பார்த்த வளவனூர்க்காரர். அக்காவும் சிரித்துவிட்டு, "ஏழாவதை எனக்குச் சொல்லாத, எங்க வூட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு" என்பார்.

அந்த வளவனூர்க்காரர்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். எந்த ஊரில் எந்தத் தெருவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் ஒருநாள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் போன மறுநாளே அக்கா சீட்டைக் கிழித்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றினார். யாரும் சொல்லி மாற்றவில்லை, அவராகவே மாற்றினார். நாலே நாள். 'எல்லோரும் உன்னையே கேட்டுக்கொண்டு நிற்கணுமா' என்று முதலாளி சத்தம் போட்டதில், புதுச் சீட்டு அதே இடத்தில் ஏறியது.

கொஞ்ச நாள் கழித்து, கண்டமங்கலம் ரோட்டில் நான் போய்க்கொண்டிருந்தபோது வளவனூர்க்காரர் போன் செய்தார். "தம்பி, ஒரு வரன் பாதியில நிக்குது. நான் கை காட்டுன இடம். முடியலன்னா எனக்குப் பேஜாரா பூடும். அந்தப் புது பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுடா, ஒரே ஒருவாட்டி பாத்துட்டு வுட்டுடறேன்." இன்டர்நெட்டில் ஓடுகிற சாஃப்ட்வேர் அது. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்த ஊரில் உட்கார்ந்தும் திறக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் வேலை வாங்கிக் கொடுத்த மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முகதாட்சண்யம். கரும்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதால் அவருக்குக் காதில் சரியாக விழவில்லை. நான் வண்டியை ஓரங்கட்டி, மறுபடியும் நிறுத்தி நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அதைப் போட்டுத் திறந்தால் அக்காவின் பெயர்தான் பதிவாகும் என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவிலேயே இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். முகையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு, கழனியிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருந்தார். அவர் மகளுக்குச் சிறு வயதில் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதை மறைக்க நினைத்த மனிதர் இல்லை அவர். பிள்ளை வீட்டார் பார்த்துப் பிடித்துப்போனால், தானே நேரில் போய்ச் சொல்லிவிடுவதாக என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல இடம் ஒன்று அமைந்தும் இருந்தது. அவர் போய்ச் சொல்வதற்குள் வேறு யாரோ போன் செய்து பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தாயா என்று அவர்கள் ஊர் நடுவில் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "ஏம்பா, எம் பொண்ணு நெஞ்சுல இருக்கிற தையலு ஊருக்கே எப்படிப்பா தெரிஞ்சுது? நான் உங்ககிட்ட மட்டும்தானப்பா சொன்னேன்?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் செய்தது வளவனூர்க்காரர்தான். தனியாக ஒரு மையம் ஆரம்பித்து, எங்களிடம் அமைகிற வரன்களைக் கலைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்றைக்கு முதலாளி பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்தப் பெண்ணின் பக்கத்தை யார் யார் பேரில் எப்போது திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டியது. எல்லா வரியிலும் அக்காவின் பெயர். "உம்பேருதான் இருக்குது. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? எவ்வளவுக்கு வித்த?" என்றார், அந்தப் பெரியவரை வைத்துக்கொண்டே. அக்கா அழவில்லை. சீட்டைக் கையால் காட்டினார். "எம்பேர்ல இந்த ரூம்ல எல்லாருந்தான சார் திறக்கறோம்? நீங்கதான ஒட்டச் சொன்னீங்க?" பிறகு எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "நீயாவது சொல்லு தம்பி" என்றார்.

நான் சொல்லவில்லை. குனிந்து, கையில் இருந்த ஜாதகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம், பெரியவளை அந்த மாதம்தான் பள்ளியில் சேர்த்திருந்தோம். இதெல்லாம் காரணம். நியாயம் இல்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அப்போதே கீழே எண்ணெய்க் கடை வாசலில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரமே அதே திரையில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பேரில், முதலாளி புதுச் சீட்டு ஒட்டச் சொன்னார். எனக்குள் ஆத்திரம் அன்றைக்குத்தான் மூண்டது. ஒரு குடும்பத்தின் கல்யாணம் கலைந்தது, ஒரு பெண்ணின் மானம் போனது, இவருக்கு உறைத்தது இவ்வளவுதானா? பூட்டைத் திறந்து போட்டவர் முதலாளி. சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான். புகுந்து எடுத்தவர் வளவனூர்க்காரர். பழி மட்டும், மூடிவிட்டுப் போன ஒரே ஆளின் மேல். நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். நின்றது பெரிய காரியமா? இல்லை. நின்றபோதும் வாயைத் திறக்கவில்லையே.

போன ஆவணியில் கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே பந்தியில் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஏன் சத்தம் போட்டார் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். பக்கத்து இலைக்காரர் யாரிடமோ சொன்னார்: "திண்டிவனத்துல ஒரு பொம்பள இருந்தா, பொண்ணுங்க விவரத்தையெல்லாம் வித்துத் தின்னவ." இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு பஸ் ஏறிக் கண்டமங்கலம் வரைக்கும் வந்திருக்கிறது. "அவங்க விக்கலிங்க. பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்" என்று எழுந்து சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மறுநாள் திண்டிவனம் போனேன். அக்கா வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எந்த ஆபீசும் அதற்குப் பிறகு அவரை உள்ளே விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கரும்பு லாரி போனது உட்பட. கல்யாணத்தில் சொன்னதையும் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கண்டமங்கலத்துல எனக்கு யாரைத் தம்பி தெரியும்? நான் காய் வாங்கப் போறது இந்தத் தெருவுல. என்னைப் பாத்துட்டு வாயை மூடிக்கிறவங்க இந்தத் தெருவுல இருக்காங்க" என்றார். அவர் தையல் மெஷினின் மேல் துணியைப் போட்டு மூடினார், செருப்பைப் போட்டுக்கொண்டார். "வா" என்றார்.

நடந்தோம். மையம் இருந்த மாடிக்குக் கீழே அந்த எண்ணெய்க் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரருக்கு முடி நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் அளவையைக் கீழே வைத்தார். கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நடந்ததை நான் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவங்களுக்குக் கேக்கல தம்பி. சத்தமா சொல்லு."